அட்டையில் வந்த வசனம்

அண்ணி,

நேற்று மாற்கு சுவிசேஷ விளக்கவுரையைத் திறந்தபோது உங்கள் வாக்குத்தத்த அட்டை கீழே விழுந்தது. மூலையில் ரோஜாப்பூ, நடுவில் வசனம், பின்பக்கம் மாத்திரை வேளைகளை நீங்கள் குறித்து வைத்த பென்சில் கோடுகள். முகர்ந்து பார்த்தேன். எறையூர் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் உங்கள் வீட்டுத் துணிமணியில் எல்லாம் ஏறியிருந்த கரும்புப்பாகு வாடை இன்னும் போகவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

அந்த அட்டையை எடுத்தது நீங்கள் இல்லை, நான். இரண்டாயிரத்து ஒன்று பிறந்த அன்று, மார்பில் ஆபரேஷன் முடிந்து திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். பெரம்பலூர் சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளில், அந்த வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஆளுக்கொன்று எடுத்தோம். உங்களுக்காகவும் ஒன்று எடுத்தேன். விசுவாசிகள் நோயாளிகள்மேல் கை வைத்தால் குணமாவார்கள் என்று அதில் இருந்தது. அன்றைக்கே பஸ் பிடித்து வந்து உங்கள் கையில் கொடுத்தேன். ஏதோ நானே சுகத்தை வாங்கி வந்துவிட்டதுபோல அவ்வளவு பெருமை எனக்கு. நீங்கள் வீடு திரும்பியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எறையூர் வந்து உங்கள் தோளில் கை வைத்து ஜெபித்தேன்.

பள்ளிக்கூட வேலையோடு தபால் வழியில் இறையியல் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மே மாத நேரடி வகுப்பில் மாற்கு பாடம் வந்தது. கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில் இல்லை, பின்னால் யாரோ சேர்த்திருக்க வேண்டும் என்றார் ஆசிரியர். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. உங்கள் அட்டை வசனம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

அதற்குப் பிறகும் வந்தேன், ஜெபித்தேன். கைதான் எழவில்லை. தெரிந்ததை மறைத்துக்கொண்டு கை வைத்தால் உங்களை ஏமாற்றுவதாகும். சொன்னாலோ, நோயில் கிடப்பவரிடமிருந்து தைரியத்தைப் பிடுங்குவதாகும். இதில் இனி நானே எதை நம்புவது என்ற குடைச்சல் வேறு. நாலு மாதம் மென்று விழுங்கினேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. முடி கொட்டிய தலையில் துண்டு கட்டிக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். நான் ஆமென் சொல்லி முடித்ததும் கேட்டீர்கள்.

"ஏம்புள்ள, முன்னெல்லாம் தோள்ல கை வெப்ப. இப்ப ஒங்கை மடியிலயே கெடக்கு. என் வியாதி ஒட்டிக்கும்னு பயமா?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அந்தப் பன்னெண்டும் இல்லன்னா கதை எங்க புள்ள முடியுது?"

கல்லறைக்குப் போன பெண்கள், அவர் உயிர்த்தெழுந்தார் என்று கேள்விப்பட்டு நடுங்கி ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அதோடு முடிகிறது என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு அவிழ்ந்துவிட்டது.

"நாலு மாசமா நீ இருந்தியே, அது மாதிரி. அவங்க அப்புறம் எப்பவோ சொல்லிட்டாங்க, அதான நமக்குத் தெரியுது. நீயும் சொல்லிட்ட. இப்பக் கைய வை."

வைத்தேன். என்ன ஜெபித்தேன் என்பது நினைவில்லை, மூச்சு சீராக வந்தது மட்டும் நினைவிருக்கிறது. படித்ததை வாசலிலேயே விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குள் வரவேண்டிய அவசியம் அன்றோடு தீர்ந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெரம்பலூர் வரை தூங்கிக்கொண்டே போனேன்.

நீங்கள் குணமாகவில்லை. அடுத்த கோடையில் போய்விட்டீர்கள். அண்ணன் ஆத்திரத்தில் அட்டையைக் கிழிக்கப் போனபோது வாங்கி வைத்துக்கொண்டேன். நெஞ்சு நிறைய துக்கம் இருந்தது, ஆனால் உங்களிடம் ஒளித்தது எதுவும் பாக்கியில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பட்டம் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். போன வாரம், டயாலிசிஸுக்குப் போய்வருகிற பாடாலூர் அம்மா ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். கையில் இந்த வருடத்து அட்டை, அதே வசனம். தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார்.

பயமாகத்தான் இருந்தது, அண்ணி. பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பன்னிரண்டு வசனங்களின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சரி என்று தலையைக் குனிந்தார்.

சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன்.