மூச்சுச் சத்தம் கேட்டு வரும் மிருகம்

அண்ணே,

இதில் எழுதப்போவது:

1. ஏழாம் பாகம் வந்துவிட்டது. திறக்கப் பயமாக இருக்கிறது.
2. நீண்ட தொடர் எழுதுகிறவர்களின் பெரிய குறை, தாங்கள் தொடங்கியதைத் தாங்களே மறந்துவிடுவது. சான்று: இரண்டாம் பாகத்து மிருகம்.
3. நீங்கள் மாட்டிய துணிக் கிளிப்புகள்.
4. இனி நான் எப்படிப் படிப்பது.

எண் போட்டதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "மேப்பு இல்லாம கக்கூஸுக்குக் கூட போவ மாட்டான் இந்த ஆளு" என்பீர்கள். சர்வே துறையில் வரைபடம் போட்டே காலத்தைக் கழித்தவன் வேறு எப்படி எழுதுவான்?

பார்சலை உங்கள் மகள் பிரான்சிலிருந்து அனுப்பியிருந்தாள். பிரித்ததும் புதுத் தாளும் பசையும் கலந்த வாசனை. அந்த வாசனையே எனக்குப் புதிது. முதல் ஆறு பாகங்களும் உங்கள் கையைத் தாண்டி, உங்கள் சுருட்டு நெடியோடுதான் என்னிடம் வந்தன. உங்களுக்கு முன்னால் நான் தொட்ட பாகம் இது ஒன்றுதான்.

போனிலும் பேசினாள். "அங்கிள், அப்பா முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க, கடைசி பாகம் வந்தா சர்வேயருக்குத்தான் அனுப்பணும்னு. எப்படி முடியுதுன்னு எனக்கும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். புத்தகத்தைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன் மேல் பழைய பஞ்சாங்கத்தை வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது.

கடற்கரைச் சாலை பெஞ்சில் நாம் முதன்முதலில் பேசியதும் இந்தத் தொடரால்தான். நீங்கள் முதல் பாகத்தை மடியில் வைத்திருந்தீர்கள். முன்பக்கத்து வரைபடம் என் கண்ணில் பட்டது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், இந்த ஆறு மலை மேல ஏறுதே" என்றேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "ஏறட்டும், உனக்கு என்னா? நீயா தள்ளப் போற?"

அன்று முதல் நீங்கள் எனக்கு அண்ணன். நான் உங்களுக்குச் சர்வேயரு. பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவர் என்பதால் ஊருக்கு நீங்கள் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். காலை நடைக்கு வருகிறவர்கள் உங்களிடம் சண்டைக் கதை கேட்பார்கள். நீங்கள் டிராகன் கதை சொல்லி அனுப்பிவிடுவீர்கள்.

எனக்கு ஃபேன்டசி பிடித்ததில்லை. இப்போது வருகிற மெலிந்த நாவல்கள்தாம் எனக்கு ஒத்துவரும். ஒரு வீடு, நான்கு பேர், விற்கப்போகும் ஒரு மனை. எதுவும் பாய்ந்து வராது. உங்களுக்கு ஒன்றைக் கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்தீர்கள். "இதுல ஒருத்தனும் சோறு திங்க மாட்டேன்றான். எல்லாம் ஜன்னலாண்ட நின்னு வெளிய பாத்துக்கினே இருக்குதுங்க."

நான் என் பக்கத்தைச் சொன்னேன். மெலிந்த நாவலில் ஒருவர் செத்தால் தாங்கலாம். அவரை நேற்றுதான் தெரியும். நீண்ட தொடரில் அப்படியில்லை. முதல் பாகத்தில் கதவைத் திறந்துவிட்ட காவல்காரனோடு நாம் பல ஆண்டு வாழ்ந்துவிடுகிறோம். அவனுக்கு அதிகாரத்தில் ஓர் எதிரியும் முழங்காலில் வலியும் இருப்பது நமக்குத் தெரியும். பிறகு ஏதோ ஒரு பாகத்தில், அரைப் பக்கத்தில் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய பயம், எழுதுகிறவர் முடிக்காமலே போய்விட்டால் என்ன செய்வது?

"முடிக்கலன்னா நானே முடிச்சிட்டுப் போறன்" என்றீர்கள்.

என் பயத்தைப் பார்த்துத்தான் கிளிப் வைத்தியத்தைக் கண்டுபிடித்தீர்கள். நீங்கள் முதலில் படிப்பீர்கள். நான் பார்க்கக் கூடாத பக்கங்களைச் சேர்த்து அண்ணியின் துணிக் கிளிப்பை மாட்டிக் கொடுப்பீர்கள். நீலமும் சிவப்புமாகப் புத்தகத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கிளிப்புக்குள் நடந்ததைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டே வரியில் சொல்வீர்கள். "கோட்டை எரிஞ்சிடுச்சி. தலையெல்லாம் மரத்துல தொங்க வுட்டுட்டானுங்க. அவ்ளோதான், நீ அடுத்ததுக்குப் போ." நான் ஒருபோதும் ஒரு கிளிப்பையும் கழற்றியதில்லை.

இரண்டாம் பாகத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னீர்கள். "ஒரு மிருகம் வருது, சர்வேயரு. அதுக்குக் கண்ணு கெடையாது. மூச்சு சத்தத்த வெச்சித் தேடி வரும். எவன் மூச்சு பெருசாக் கேக்குதோ, அவங்கிட்ட போவும்."

அன்றிலிருந்து என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறது. பகலிலேயே அந்த இடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு பாகம் வந்தபோதும் கேட்டேன், அந்த மிருகம் திரும்ப வந்ததா என்று. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு, "இதுலயும் வரல. எங்கியோ இருக்குது" என்பீர்கள். இத்தனை பெரிய மிருகத்தை அவிழ்த்துவிட்டு ஓர் எழுத்தாளர் அப்படியே மறந்துவிடலாமா? இரண்டாவது குறிப்பில் சொன்ன குறை அதுதான். ஏழாம் பாகத்தில் திடீரென்று நினைவு வந்து அதைக் கொண்டுவந்துவிடுவாரோ என்பதுதான் இப்போதைய பயம். எந்தப் பக்கத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல நீங்கள் இல்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வருகிறேன் என்று போன் செய்தேன். நுரையீரல் என்று அண்ணி சொல்லியிருந்தார்கள். விட்டு விட்டுப் பேசினீர்கள். "இந்தப் பக்கத்துக்குக் கிளிப் மாட்டியாச்சு, சர்வேயரு. நீ தாண்டிப் போயிடு." நான் தாண்டிப் போய்விட்டேன்; கடைசிவரை வந்து பார்க்கவில்லை. கோழைக்குத் தகுந்த வைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரை நேற்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உங்க அண்ணன் எடுத்துக் குடுத்த கிளிப்பெல்லாம் உங்ககிட்டதான இருக்குது? மாடியில காத்து பிச்சிக்கினு போவுது. என் பொடவ ஒண்ணு பக்கத்து வூட்டு முருங்க மரத்துல தொங்குது. கொஞ்சம் கொண்டாந்து குடுங்களேன்."

மறுக்க முடியுமா? ஆறு பாகங்களையும் மேசையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பார்க்காமல் மூடிவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் கிளிப்பின் பல் அழுந்திய இடத்தில் புத்தகம் தானாக விரிந்துகொள்கிறது. மூடினாலும் விரிகிறது. இரண்டாம் பாகத்தில் விரிந்த பக்கத்தைப் படித்தேன்.

முற்றுகையிடப்பட்ட நகரம். காய்ச்சலில் கிடக்கிறான் ஒருவன். நம் காவல்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மூச்சுக்குப் பிறகு அடுத்தது வருமா என்று காத்திருக்கிறான். அவ்வளவுதான். பின்னாலும் முன்னாலும் புரட்டினேன். மிருகம் இல்லை. நான்காம் பாகத்தில் எரிந்த கோட்டை இல்லை, தலைகள் இல்லை. அரசியின் அறை வாசலில் சமையற்காரி நிற்கிறாள். உள்ளே அரசியின் மூச்சு இழுக்கிறது. ஆறாம் பாகத்தில் ஒரே கம்பளிக்குள் இரண்டு சிப்பாய்கள், ஒருவனுக்குக் காயம். கிளிப் மாட்டிய எல்லா இடங்களிலும் ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார், ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். இரத்தமும் வெட்டும் வந்த பக்கங்களையெல்லாம் நீங்கள் திறந்தபடியே விட்டிருந்தீர்கள். அவற்றை நான் படித்துமிருக்கிறேன்.

கிளிப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன். அண்ணி மாடியில் இருந்தார்கள். பையை வாங்கியதும் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு துணி போட ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, அண்ணன் எதுக்காவது பயப்படுவாரா?"

"அவுரா? துப்பாக்கிக்கே பயப்படாத ஆளு. என் தங்கச்சி வந்தா மட்டும் ஓடி ஒளிவாரு." கிளிப்பைக் கொடியில் மாட்டினார்கள். பிறகு குரல் தணிந்தது. "மூச்சு சத்தம் மட்டும் ஆவாது, தம்பி. ஆப்பிரிக்காவுல இவுருகூட இருந்த பையன் ஒருத்தன், குண்டு பட்டு, விடியற வரைக்கும் இவுரு பக்கத்துலயே இழுத்துக்கினு கெடந்தானாம். கல்யாணமான புதுசுல நான் தூக்கத்துல பெருமூச்சு வுட்டாக்கூட எழுந்து உக்காந்துக்குவாரு."

காற்றில் பறந்த புடவை முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

"அதனாலதான் உங்கள வராதன்னாரு. 'அவன் வந்தான்னா என் மூச்சயே கேட்டுக்கினு உக்காந்திருப்பான். நான் பட்டது அவன் பட வேணாம்'ன்னாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"செல்லுல பாட்ட சத்தமா வெச்சிக்கினன். நர்ஸு வந்து திட்டுச்சி. வெச்சிக்கினேதான் இருந்தன்."

நான்காவது குறிப்புக்கு அண்ணியே வழி சொல்லிவிட்டார்கள். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு ஏழாம் பாகத்தைத் திறந்திருக்கிறேன். முன்பக்கத்து வரைபடத்தில் ஆறு இன்னும் மலை மேல்தான் ஏறுகிறது. அண்ணி எனக்கென்று ஒரு கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை எந்தப் பக்கத்திலும் மாட்டப்போவதில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்று காலையும் மாடிப்படியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் பட்டதிலிருந்து எனக்கு வந்த பங்கு அது ஒன்றுதான்.

ஒரு திருத்தம். இரண்டாவது குறிப்பு தவறு. அந்த எழுத்தாளர் எதையும் மறக்கவில்லை. மிருகம் அவருடையது அல்ல.