வால்டரண்ணாவின் கட்டைப்பை

ஜூன் 3, திங்கள்

எண்ணூர் ரோட்டில் லாரி வரிசை. பைக்கை நுழைக்கக்கூட சந்து இல்லை. கண்டெய்னர் யார்டுக்குள் கால் வைத்ததும் ஷிப்ட் இன்சார்ஜ் கமாலுதீன் பாய் பிடித்துக்கொண்டார். "நிலவா, வால்டரு வண்டி மறுபடியும் நின்னுகினு கீது. இன்னாதான் மெயின்டனன்ஸ் பண்றே நீ?"

கண்டெய்னர் பெட்டியைத் தூக்கி அடுக்குகிற ஸ்டாக்கர். வேறு யார் ஓட்டினாலும் ஓடுகிறது. வால்டரண்ணா உட்கார்ந்தால் மட்டும், பெட்டியைத் தூக்கின வாக்கிலேயே உறைந்துவிடுகிறது.

நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன். ஜம்முனு ஓடுது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: வண்டியில் குறை இல்லை.

உண்மைதானே? அதுக்கு ஏன் அந்த மனுஷன் என்னை அப்படி முறைக்கணும்?

ஜூன் 5, புதன்

தண்ணீர் கேன் பக்கத்தில் வால்டரண்ணா என்னை ஓரங்கட்டினார். ராயபுரத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். தோளில் எப்போதும் ஒரு கட்டைப்பை. பாத்ரூம் போனாலும் பை கூடப் போகும். உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கடித்துவிடுவார்.

"நைனா, நீயும் அவனுங்க ஆளா?"

"எவனுங்க?"

"தெரியாத மாறியே கேக்குறான் பாரு! புது கேமரா என் வண்டியத்தான் பாத்துகினு கீது. நான் வந்தா பேச்சு நிக்குது. என் வண்டி மட்டும் நிக்குது. இன்னொரு தபா நின்னா, கேட்டாண்ட உக்காந்து லாரி நம்பர் படிக்கச் சொல்வேன்றாரு பாய். என்னிய! நான் வந்தப்ப இந்த யார்டே கெடையாது!"

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். கேமரா கடல் காற்றில் திரும்பியிருக்கு, கிளாம்ப் லூசு. நீங்க முறைக்கிறதால பேச்சு நிக்குது. வண்டி ஏன் நிக்குதுன்னு தெரியல, ஆனா வண்டிக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

"அப்ப நான் மெண்டலு. அதானே?" என்று போய்விட்டார்.

கேட்டார், சொன்னேன். இதுல என் தப்பு எங்க?

ஜூன் 6, வியாழன்

கேட்டில் கம்ப்யூட்டர் பார்க்கிற பூமாரியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "டிப்ளமா படிச்ச முண்டம்! போன கம்பெனில நாலு பேரு சேந்து அவரு மேல டீசல் திருட்டுன்னு பழி போட்டானுங்கோ. ஒண்ணுமில்லன்னு ஆச்சு, ஆனா வேலை பூட்ச்சு. பயப்பட மாட்டாரா? நீ தீர்ப்பு சொல்லாத. வாய மூடிக்கினு கேளு, போதும்."

வாயை மூடிக்கொண்டு. நான்.

ஜூன் 7, வெள்ளி

மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குறுக்கே பேசக்கூடாது என்று உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "இன்னாடா, வவுறு வலியா?"

ஆனாலும் ஒரு வறுத்த நெத்திலி கொடுத்தார்.

ஜூன் 10, திங்கள்

நாசம் பண்ணிவிட்டேன்.

லேப்டாப்பை ஸ்டாக்கரில் மாட்டி, நிற்கும்போதெல்லாம் என்ன காரணம் பதிவாகியிருக்கு என்று தேடினேன். எல்லாத்துக்கும் ஒரே காரணம்: 'இருக்கையில் ஆள் இல்லை'. கண்டுபிடித்த சந்தோஷத்தில் டீ குடிக்கும் இடத்துக்கு ஓடி, எல்லார் முன்னாலும் கத்தினேன். "அண்ணா, வண்டி நிக்கிறப்போ நீங்க சீட்டுலயே இல்லன்னு மெஷின் சொல்லுது!"

 எவனோ, "அப்ப ஓட்டினது ஆவியாடா?" என்றான். மொத்த யார்டும் சிரித்தது. சாயங்காலத்துக்குள் அவருக்குப் பேர் 'ஆவி வால்டர்'.

 வால்டரண்ணா டீயை அப்படியே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 11, செவ்வாய்

வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பூமாரி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூன் 12, புதன்

ராயபுரம் போனேன். அண்ணாவின் மனைவி ரோசி அக்கா கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குரல்: "வேலைய வுட்டுட்டேன்னு சொல்லி அனுப்பு!"

நுழைந்துவிட்டேன். மன்னிப்பு கேட்க வாக்கியமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அண்ணா நாற்காலியில் ஒரு நீல வளையத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வண்டி டியூப் மாதிரி, நடுவில் ஓட்டை. பக்கத்தில் கட்டைப்பை காலியாகக் கிடந்தது.

"அண்ணா! ஓட்டை!" என்று கத்தினேன்.

"இவன் இன்னாடா, வூட்டுக்கே வந்து..."

"மூலம்பா," என்றார் ரோசி அக்கா. "டாக்டர் குடுத்த மெத்தை. தெரிஞ்சா மானம் பூடும்னு பையில ஒளிச்சிகினு போறாரு."

ஸ்டாக்கர் சீட்டுக்குள் நட்டநடுவில் ஒரு சுவிட்ச். ஆள் பாரம் அழுத்தினால்தான் வண்டி வேலை செய்யும். அண்ணா பாரம் முழுக்க வளையத்தின் மேல். நடுவில் ஓட்டை, அங்கே பாரமே இல்லை. கொஞ்சம் நகர்ந்து, ஓட்டை சுவிட்சுக்கு நேர் மேலே வந்தால் போதும், வண்டி கணக்கில் சீட்டில் ஆளே இல்லை.

விளக்கினேன். அண்ணா எழுந்து வளையத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப எவனும் ஒண்ணும் பண்லியா?" லேசாக ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இதயும் டீக்கடைல நின்னு கத்துவியா?"

அந்தக் கேள்வி இன்னும் குத்துது.

ஜூன் 13, வியாழன்

சுவிட்சை பைபாஸ் பண்ணச் சொன்னார் பாய், அது இல்லாமலே வண்டி ஓடட்டுமாம். மாட்டேன் என்றேன், அது உயிர் காக்கிற சுவிட்ச். சீட்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்து, எது அழுந்தினாலும் வேலை செய்கிற மாதிரி இணைத்தேன். எழுந்தால் நிற்குதா என்றும் பார்த்தேன், நிற்குது. ரிப்போர்ட்: சுவிட்ச் இருந்த இடம் சரியில்லை, முன்பு நான் எழுதியது தவறு.

"அவருக்கு மட்டும் ஏன்பா நின்னுச்சு?"

"உக்கார்ற வாகு, பாய்."

"இன்னா வாகு?"

"ஒரு வாகு."

வேர்த்துக் கொட்டியது. டீ நேரத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: வண்டிதான் கோளாறு, தப்பு என்னுது, இனி எவனும் ஆவின்னு கூப்பிடக் கூடாது. இப்போ எனக்குப் பேர் 'ஆவி டாக்டர்'. பரவாயில்லை.

ஜூன் 14, வெள்ளி

வால்டரண்ணா வந்துவிட்டார். ஷிப்ட் முடியும்வரை வண்டி நிற்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, வண்டில கோளாறுன்னு!" ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் சொன்னார்.

என்னிடம் தனியாக: "ஆனா நைனா, கேமராவ எவனோ வேணும்னேதான் திருப்பிகிறான்."

வாயைத் திறந்தேன். மூடினேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறி, கேமராவைக் கேட் பக்கம் திருப்பி இறுக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத். இன்று பாய் அண்டா நிறைய பிரியாணி கொண்டுவந்தார். இங்கே யார் கொடுத்த பிஸ்கட்டையும் தொடாதவர் வால்டரண்ணா. வண்டியிலிருந்து இறங்கி வந்தார், தோளில் பை. பாய் தட்டை நீட்டினார். எல்லாரும் வேறெங்கோ பார்க்கிற மாதிரி நடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இரு பாய், ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறேன்." தோளிலிருந்து பையைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "நைனா, இத்த புடி."

பாய் கண் பைமேல் போனது. "நிலவா, அதுல இன்னாதான்பா கீது?"

பூமாரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சாப்புடுற நேரத்துல அதெல்லாம் எதுக்கு பாய்," என்றேன்.

வால்டரண்ணா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காரம் சரியா கீது பாய், இன்னும் கொஞ்சம் போடு," என்று தட்டை நீட்டினார்.

அந்த உடம்புக்கு அவ்வளவு காரம் ஆகவே ஆகாது. சொல்லலாமா? சொல்லவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.