கொய்யாக்காய்க்கு ஏலம் போனவனுக்கு

இதனால் உனக்கு அறிவிப்பது யாதெனில், நம் சர்ச்சில் ஆடிக்கொண்டிருந்த காணிக்கை மேசைக்கு ஒருவழியாக முட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆடாத மேசையில் இன்று அறுப்பின் பண்டிகை அமோகமாக நடந்தது. உங்கள் கல்வராயன் மலையிலிருந்து வந்த சாமை மூட்டையை அவிழ்த்ததும் அந்த உமி வாசம். லீவு முடிந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாயே, அப்போது உன் சட்டையில் அடிக்கும் வாசம். சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். பெஞ்சு காலி.

மேசை ஆடியதே உன்னால்தான். மலையில் மழை பொய்த்து, உன் வீட்டில் சாமை விளையாத வருஷம் அது. விளைந்ததைக் காணிக்கையாக வைப்பதும், அதை ஏலம் விடுவதும், எடுத்தவர் திரும்ப ஆண்டவருக்கே கொடுத்துவிடுவதும் நம் சபை வழக்கம். ரைஸ்மில்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் ஒரு பூசணிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூசணிக்கு இம்மா வெலையா? உள்ள இன்னாடா இருக்குது?" என்று என் காதைக் கடித்தாய்.

"கௌரவம்டா. வெதையோட சேத்து."

சிரித்துக்கொண்டே எழுந்து, வெறுங்கையோடு போய் மேசை மேல் ஏறிக் குந்திக்கொண்டாய்.

"இன்னாடா இது?" என்றார் போதகர்.

"எங்க வூட்ல இந்த வருசம் இதாங்க ஐயா வெளஞ்சது. ஏலம் வுடுங்க."

சபையே சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. "கேக்கறவங்க கேளுங்க" என்றார். பூசணிக்கு நீண்ட கைகள் எல்லாம் மடியிலேயே கிடந்தன. ரைஸ்மில்காரர் மின்விசிறியைப் பார்த்தார். உன் சிரிப்பு மெல்ல இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஒரு கொய்யாக்கா!" என்று கத்தினேன். அதுவும் கடித்த கொய்யாக்காய்.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். நீ எனக்கு.

"எடுத்தவன் திருப்பிக் குடுக்கணும் மச்சான்" என்று வழியெல்லாம் நச்சரித்தாய்.

"பூசணின்னா குடுப்பேன். கொழம்புக்குக்கூட ஆவாத உன்ன எவன்டா வாங்குவான்?"

போன ஐப்பசியில், காய்ச்சலோடு உன்னை ஜீப்பில் மலையிலிருந்து இறக்கினார்கள். ஜீப் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. நீ வந்து சேரவில்லை.

இன்று ஏலம் முடிந்ததும் போதகர் என் தோளில் கைவைத்து, "மனசு எப்டிப்பா இருக்குது?" என்றார்.

"எனக்கின்னாங்க ஐயா. ஆண்டவரு பொருள அவருக்கே குடுத்துட்டேன்."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. எதன் மேலும் ஆசை வைக்காத பிள்ளை என்று சபையில் எனக்கு இப்போது ஏகப்பட்ட பெயர். வாலிபர் கூட்டத்தில் என் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். நானும் உன் இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு, பெரிய பரிசுத்தவானாட்டம் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. நான் திருப்பிக் கொடுக்கவே இல்லைடா. ஜெபம் என்று கண்ணை மூடினால் ஆண்டவரிடம் உன்னை ஏலம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிரிக்கெட் மட்டையில் ஆரம்பித்தேன். அப்புறம் சைக்கிள். அவர் வாயே திறக்கவில்லை. போனை மட்டும், படிப்புக்கு வேண்டுமே என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நேற்று அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.