ரோஜா வாசனை என்று எழுதியவருக்கு

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

என்னங்க,

நானும் பிள்ளை சுபாஷினியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள். போனில் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் பக்கம் வருகிற குகனிடம் கொடுத்து, உங்கள் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் வாசனை எண்ணெய்க் கடை பரவாயில்லை. பத்து காவான் ஊர்ச் சோப்புக்காரர்கள் அந்த ரோஜா வாசனையை விடாமல் கேட்கிறார்கள். அசல் ரோஜா எண்ணெய் கட்டுப்படியாகாது, ஜெரேனியம் எண்ணெயை வைத்தே ரோஜாவைக் கொண்டுவந்துவிடுவேன், அதை மலையிலேயே பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லித்தானே கொடைக்கானல் போனீர்கள்? ஒரு வாரம் என்றீர்கள். மாதம் ஒன்றாகப் போகிறது.

நீங்கள் அனுப்பிய பாட்டில் வந்தது. என் கண்முன்னால் வடித்து அப்படியே மூடியது, திறந்ததும் ரோஜா வாசனை தூக்கும் என்று உங்கள் கையெழுத்தில் சீட்டு வேறு. பார்சலைத் திருப்பிப் பார்த்தால், அனுப்பிய ஊர் மதுரை. மலையில் இருக்கிறவருக்கு மதுரையில் என்ன வேலை? என் புத்தி போன போக்கை எழுத எனக்கே வெட்கம். இருந்தாலும் எழுதுகிறேன்: அங்கே எவளோ இருக்கிறாள், வடிக்கிற இடத்துக்கே நீங்கள் போகவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் பாட்டிலைத் திறந்தேன். குப்பென்று அவித்த முட்டைக்கோஸ் நாற்றம். சுபாஷினி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் நீங்கள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு டின் ஜெரேனியம் வந்தது. அதுவும் இப்படித்தான் நாறியது. விற்றவரைப் போனில் பிடித்துத் திட்டினேன். புதிதாக வடித்தது அப்படித்தான் இருக்கும்மா, திறந்து காற்றாட வை, போய்விடும் என்றார். நீங்கள் வீடு திரும்புவதற்குள் போயே போய்விட்டது. அதனால் உங்களிடம் சொல்லவில்லை.

ஆக, எண்ணெய் புதுசு. நீங்கள் பக்கத்தில் நின்றதும் நிஜம்; பாட்டிலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு போட்டோவும் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு எந்த மனுஷனாவது ரோஜா என்று எழுதுவானா?

பழைய சந்தேகம் போய் வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. காய்ச்சலுக்கு அப்புறம் எதைக் கலந்தாலும் சுபாஷினியிடம் நீட்டி, இது என்ன வாசனை சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டுக் காட்டினீர்கள். ஹுஸ்னா அக்கா கடைக்கு வந்து எது நல்லா இருக்கு என்று கேட்டால், நீங்களே பார்த்து எடுங்க லா என்று நழுவினீர்கள். அன்றைக்கு மீன் குழம்பு அடிப்பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். நீங்கள் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மனசை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கத்தினேன்.

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு வாசனையே தெரியவில்லை, அப்படித்தானே? மதுரையில் போய்ப் பார்த்தது டாக்டரையா? என்ன சொன்னார்? என்னிடம் சொல்வதில் உங்களுக்கு என்ன வந்தது?

பாட்டிலைத் திறந்து காற்றாட வைத்திருக்கிறேன். எதில் எவ்வளவு கலப்பது என்பது உங்களுக்குத் தெரியும், முகர்ந்து சொல்ல நான் இருக்கிறேன். சோப்புக்காரர்களைச் சமாளித்துக்கொள்ளலாம். அதற்காக உங்களை வரச் சொல்லவில்லை.

வேறொருத்தி என்றால் விமானம் ஏறி வந்து அவளோடு சண்டை போட்டிருப்பேன். இதற்கு நான் யாரோடு போய்ச் சண்டை போட? சாமி உங்களுக்குத் துணை இருக்கட்டும். குணமானாலும் ஆகாவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
காமினி