சத்திரத்துத் தூணுக்கு ஒரு கட்டு

என் செல்ல நைனாவுக்கு,

முதலில் கெட்ட சேதியைச் சொல்லிவிடுகிறேன். புத்தூர் ஸ்டேஷன் எதிரே இருந்த நம் சத்திரத்தை இடித்துவிட்டார்கள். ரோடு அகலமாகிறதாம். கை கால் உடைந்து எலும்புக் கட்டுப் போட வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிய இடம், ஒரே காலையில் மண்மேடு. அதன் சுவரை ஒட்டி நீ போட்ட டீக்கடையும் போய்விட்டது.

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். பேச்சே நின்றுவிட்டது. தட்டை வைத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். நீ கண்ணை மூடியபோதுகூட மறுவாரமே கடையைத் திறந்தவள்! அண்ணன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "இங்க இட்டுக்கினு வந்துடு. மூணாவது மாடி, நல்லா காத்து வரும்" என்றான். காற்றா அவளுக்குக் குறைச்சல்?

எனக்குச் சும்மா உட்கார வராது. பாலிடெக்னிக்கை விட்டதும் அதனால்தானே? இப்போது திருப்பதியில் கல்யாண மேடை அலங்கரிக்கிறேன். அங்கே மிஞ்சிய வெள்ளைத் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். சத்திரத்தின் முன்தூண் ஒன்று மட்டும் பாதி உடைந்து நின்றது. அதற்குக் கட்டுப் போட்டேன், நைனா. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை என்று அச்சு அசல் நம் ஊர்க் கட்டு.

கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எக்ஸ்ரே எடுத்தியாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ராயிக்கி கட்டா?", கல்லுக்குக் கட்டா என்று பூக்காரம்மா தெலுங்கில் சிரித்தார். காலேஜ் பையன் ஒருவன் போட்டோ எடுத்துவிட்டு, "சூப்பர் ஆர்ட்டுக்கா" என்றான். இருக்கலாம். நான் அதை ஒரே ஒரு ஆள் பார்க்கத்தான் செய்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். "யம்மா, சத்திரத்தாண்ட ஒருத்தருக்குக் கட்டு போட்டுக்கீது, வந்து பாரு."

யாருக்கு என்று கேட்கவில்லை. ஆனால் எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் வந்தாள்.

தூணை ஒருமுறை சுற்றினாள். முடிச்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் இறுக்கமா கட்டிக்கீற? ரத்தம் எப்டி ஓடும்?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு! எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து, ஓவென்று அழுதாள். ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். "வேணாண்ணா, அழட்டும்" என்றேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே, "பசிக்குதுடி. துன்றதுக்கு இன்னா கீது?" என்றாள். இட்லி வாங்கி வந்தேன். கல்மேல் உட்கார்ந்து தின்றாள். இன்னும் ரெண்டு வாங்கிவரச் சொல்லி அதட்டினாள்.

இப்போது தள்ளுவண்டியில் டீ போடுகிறாள். நீ போட்டதைவிட நன்றாகவே இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. தூணை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். அதன் வேலை முடிந்துவிட்டது, இல்லையா?

அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், உனக்கும் சத்தியம் செய்கிறேன். அவளாகக் கேட்காமல் அவளை யாரும் எங்கேயும் கூட்டிப்போக விடமாட்டேன். இங்கேயே இருப்பாள், என்னைத் திட்டிக்கொண்டு. அவள் திட்டு கேட்கிறவரைக்கும் நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

உன் அடங்காத சின்னப் பொண்ணு