ஸ்டெல்லா வரைந்த கடல்

ஞாயிறு இரவு, ஒரகடம்.

கோவளத்தில் கடலுக்கடியில் குழாய் பதிக்கிறார்கள். படகுக்காரர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பு முழுக்க அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். கணக்கு வாத்தியாருக்கா எழுதினார்கள்?

என்னோடு ஃபேக்டரி லைனில் நிற்கும் ஸ்டெல்லாதான், வேலை செய்யும் முறையைக் காட்ட மெஷின் பக்கத்தில் ஒட்டும் ஒருபக்கப் படம் போலவே அதை வரைந்து லேமினேட் செய்து தந்தாள். "நம்பர் இன்னாத்துக்கு? சர்ச் கோபுரத்துக்கு எதிர்ல செவப்பு. அங்க போகாத, அவ்ளோதான்," என்றாள்.

இன்று கோவளத்தில் மகளோடு துடுப்புப் படகில் போனேன். பேச்சு சுவாரசியத்தில் படகைக் குறுக்கே திருப்பிவிட்டேன். படத்தை மடியில் வைத்திருந்தவள் கத்தினாள்: "அப்பா, சர்ச்சு! செவப்பு!" சட்டென்று விலகினேன். சற்றுத் தள்ளி நீருக்குள் குழாய் வேலைக்கு நட்ட இரும்புக் கம்பி விறைத்து நின்றது.

ஸ்டெல்லா நல்லா இருக்கணும். நாளை ஷிப்டில் அவளிடம் சொல்ல வேண்டும்: அந்த அறிவிப்பை என் மகள் படித்துவிட்டாள். அவளுக்கு இன்னும் எழுத்தே தெரியாது.