ரத்தம் பார்க்காமல் கொடுத்த மாத்திரை

பஃபலோ ரோடு,
12-3-1967

தம்பிக்கு,

ரத்தம் சோதிக்காமல் இதயப்புழு வராமல் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து என் நாய் கறுப்பனைக் கொன்றவன் நீ. நான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நாய்கள் இரண்டையும் சாங்கியில் உன் வீட்டில் விட்டபோதே சொன்னேன்: ரத்தத்தில் புழு இருந்தால் அந்த மாத்திரையே உயிரை எடுத்துவிடும். "வெறும் மாத்திரைதானே அண்ணே, ஒன்னும் ஆகாது லா" என்று சிரித்தாய்.

கறுப்பன் வாந்தியெடுத்து விழுந்த இடத்தில் மணலைக் கொட்டி மூடிவிட்டு, பாம்பு கடித்தது என்றாய். உன் மனைவிதான் உண்மையைச் சொன்னாள்.

கறுப்பனோடு பிறந்த வெள்ளச்சி இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையிலேயே நீயே அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை மாத்திரைப் புட்டியை உன் மனைவி பூட்டி வைக்கட்டும். வரும் ஞாயிறன்று நான் வந்து வெள்ளச்சியை அழைத்துப்போவேன். எனக்குச் சோறு ஆக்க வேண்டாம்.

உன் அண்ணன்